அந்த ரிப்போர்ட்டும் கடைக் கொப்பியும்

உணவு ஒத்துக்கொள்ளாமைப் பரிசோதனை என்று கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். பத்துப் பதினைந்து நாளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்து ஒரு ரிப்போர்ட் வரும். "உங்கள் உடம்புக்குச் சேராத உணவுகள்" என்று தலைப்புப் போட்டிருக்கும். பல நாள் பேர்ச் சம்பளத்தை விழுங்கும் இந்தப் பரிசோதனை தேவையா என்று ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து ஆட்கள் கேட்பது கூடிவிட்டது. வயிறு ஊதுகிறது, சாப்பிட்டதும் கக்கூசுக்கு ஓட வேண்டியிருக்கிறது, கேஸ்ட்ரைட்டிஸ் மருந்து குடித்தும் தீரவில்லை என்கிற ஆட்கள்தான் கேட்கிறார்கள். அவர்களுடைய கஷ்டம் உண்மை. பரிசோதனைதான் பிழை.

சிவப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அனேகமாகக் கோதுமை, பசுப்பால், முட்டை. இப்போது கடைக் கொப்பியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். மாதம் முழுக்கக் கடனுக்கு வாங்கிய அதே சாமான்கள். இது தற்செயல் இல்லை.

இந்தப் பரிசோதனை பார்ப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை, சில லேப்களில் அதன் ஒரு வகையான ஐஜிஜி4ஐ. நாம் சாப்பிடும் சாப்பாட்டின் புரதம் கொஞ்சம் குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போகத்தான் செய்யும். உடம்பு அதைப் பார்த்து, பழகி, ஐஜிஜி உண்டாக்கி வைக்கிறது. அடிக்கடி சாப்பிடும் சாமானுக்கு அது கூடுதலாக இருக்கும். தேனீ வளர்ப்பவர்களைப் பாருங்கள்: கொட்டு வாங்கி வாங்கிப் பழகியவர்களின் இரத்தத்தில் தேனீ விஷத்துக்கான ஐஜிஜி4 மிக அதிகம். அவர்களுக்கு விஷம் ஒத்துக்கொள்ளவில்லை என்றா அர்த்தம்? பழகிவிட்டது என்று அர்த்தம். ஐரோப்பிய ஒவ்வாமை வைத்தியர் சங்கம் 2008இலும், கனடாச் சங்கம் 2012இலும் உணவு ஒவ்வாமையையோ ஒத்துக்கொள்ளாமையையோ கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டன. தலைமுடியை அனுப்பச் சொல்வது, கையில் மின்கம்பி பிடிக்க வைப்பது, கையை நீட்டச் சொல்லி அழுத்திப் பார்ப்பது எல்லாம் இதைவிடக் கீழே. அவற்றுக்கு ஒரு பந்தி வீணாக்க மாட்டேன்.

"ஆனால் ரிப்போர்ட்படி சாப்பிட்ட பிறகு சுகமாகிவிட்டதே" என்பார்கள். ஆகியிருக்கும். காலையில் இரண்டு ரொட்டி, தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் போட்ட கட்ட சம்பல். கோதுமையிலும் ஃப்ரக்டான் என்ற மாச்சத்து உண்டு, சின்ன வெங்காயத்திலும் உண்டு. அது சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலில் பக்டீரியா அதைப் புளிக்க வைத்து வாயு கிளப்பும். கோதுமையை நிறுத்தினால் ரொட்டியோடு சம்பலும் குறையும், வயிறு ஊதுவதும் குறையும். இதில் ஐஜிஜிக்கு ஒரு வேலையும் இல்லை. ரிப்போர்ட் கோதுமைப் புரதத்தைக் குற்றம் சொல்லும், வேலை செய்தது மாச்சத்து.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2025இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், ஐபிஎஸ் (குடலில் வேறு நோய் தெரியாமலே வயிற்றுவலியும் வயிற்றோட்டமோ மலச்சிக்கலோ திரும்பத் திரும்ப வருவது) உள்ளவர்களுக்கென்றே செய்த 18 உணவு ஐஜிஜி பரிசோதனைப்படி சாப்பிட்டவர்களில் கிட்டத்தட்ட 60 வீதத்துக்கு வயிற்றுவலி குறைந்தது. பொய்ப் பட்டியல் கொடுக்கப்பட்டவர்களில் 42 வீதத்துக்கும் குறைந்தது! முதல் எண்ணை நான் ஒதுக்கவில்லை. இன்னும் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டிய விஷயம்தான். ஆனால் விளம்பரத்தில் வரும் நீளப் பட்டியல் அந்தப் பரிசோதனை இல்லை. பொய்ப் பட்டியலுக்கே நூற்றுக்கு நாற்பது பேர் சுகமாகும் வருத்தத்தில், பக்கத்து லயத்து அக்காவுக்குச் சரியானதை வைத்து எதையும் முடிவு செய்யவும் முடியாது.

அப்படியானால் எந்தப் பரிசோதனைக்குக் காசு கொடுக்கலாம்? ஒரே கேள்விக்கு ஒரே பதில் தருகிற பரிசோதனைக்கு.

கோதுமை மேல் சந்தேகம் என்றால் சீலியாக் (கோதுமையிலுள்ள க்ளூட்டன் புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய்) பரிசோதனை: இரத்தத்தில் டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம், கூடவே மொத்த ஐஜிஏ. மொத்த ஐஜிஏ ஏன் என்றால், அது இயல்பிலேயே குறைந்தவர்களுக்கு முதல் பரிசோதனை 'இல்லை' என்று பொய்யாகக் காட்டும். இங்கேதான் எல்லாரும் கெடுத்துக்கொள்கிறார்கள்: ரொட்டியை நிறுத்தி இரண்டு மூன்று மாதம் கழித்து, "சும்மா செய்து பார்ப்போம்" என்று இரத்தம் கொடுப்பது. நிறுத்தினால் எதிர்ப்புப் புரதம் இறங்கிவிடும், நோய் இருந்தாலும் பிடிபடாது. முதலில் பரிசோதனை, பிறகுதான் நிறுத்துவது. ஏற்கெனவே நிறுத்தியவர் குறைந்தது 6 கிழமை, தினமும் ஒரு வேளைக்கு மேல், காலையில் ரொட்டி இரவில் பாண் என்று சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். இரத்தச்சோகை தீராமல் இருக்கும் பெண்கள் இதை வைத்தியரிடம் கேட்பது நல்லது.

பால் என்றால் மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் பரிசோதனை. வெறும் வயிற்றில் 25 அல்லது 50 கிராம் லக்டோஸ், அதாவது பாற்சீனி, குடிக்கக் கொடுத்து, மூன்று மணி நேரத்துக்கு இடையிடையே ஊதச் சொல்வார்கள். ஹைட்ரஜன் 20 புள்ளி (பிபிஎம்) ஏறினால் லக்டோஸ் செரிக்கவில்லை. முந்தைய நான்கு கிழமைக்குள் அன்ரிபயோட்டிக் எடுத்திருந்தால் முடிவு கெடும். சரி, ஏறிவிட்டது, பால் தேத்தண்ணியை விட வேண்டுமா? கணக்குப் போடுங்கள். பால்மாவில் 100 கிராமுக்கு 36 முதல் 40 கிராம் வரை லக்டோஸ். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குப் பத்துக் கிராம் பால்மா போட்டால் சுமார் 4 கிராம். அங்கே குடிக்கத் தந்தது அதுபோல் ஆறு கோப்பைக்கு மேல்! லக்டோஸ் செரிக்காதவர்களும் பெரும்பாலும் ஒரே தடவையில் 12 கிராம் வரை தாங்குவார்கள். தேத்தண்ணியை அல்ல, இரவில் குவித்துப் போட்டுக் குடிக்கும் பெரிய கப் பாலைத்தான் சந்தேகப்பட வேண்டும். வயிற்றோட்டம் வந்து போன பிள்ளைக்குச் சில கிழமை பால் சேராமல் இருப்பதும் சாதாரணம், குடல் ஆறினால் சரியாகிவிடும். ஆறவில்லை என்றால் மலத்தில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கும் வீட்டில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இவற்றில் அகப்படாத மீதி எல்லாவற்றுக்கும் ஒரு எக்ஸர்சைஸ் கொப்பி போதும். இரண்டு கிழமை எதையும் மாற்றாமல் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, வயிறு எத்தனை மணிக்கு என்ன செய்தது, வெளிக்குப் போனது, தூக்கம், மாதவிடாய், வெறும் வயிற்றில் குடித்த சாயத் தண்ணி. பிறகு ஒரே ஒரு சாமானை மூன்று கிழமை நிறுத்துங்கள். மாற்றம் இல்லையென்றால் திரும்பச் சாப்பிட ஆரம்பியுங்கள், அது குற்றவாளி இல்லை. மாற்றம் இருந்தால்தான் முக்கியமான வேலை: திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. முதல் நாள் அரை ரொட்டி, அடுத்த நாள் ஒன்று, மூன்றாம் நாள் இரண்டு, சம்பல் இல்லாமல். மூன்று நாள் விட்டு இன்னொரு தடவை. இரண்டு தடவையும் அதே வலி வந்தால்தான் நம்பலாம். குரக்கன் ரொட்டியின் கறுப்பில் கோதுமை மா கலந்தது தெரியாது. வீட்டில் யாராவது ஒரு நாள் கலந்தும் ஒரு நாள் கலக்காமலும் சுட்டுத் தந்தால் இன்னும் நல்லது. ஆனால் மாவைத் தட்டும்போதே தெரிந்துவிடும், சாப்பிடுகிறவர் குசினிப் பக்கம் வரக்கூடாது.

அனேகர் நிறுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். பட்டியல் வளர்ந்துகொண்டே போகும், தட்டில் ஒன்றும் மிஞ்சாது.

வெங்காயம்தான் என்று தெரிந்தால் கறி வைப்பதை விட வேண்டாம். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. வெங்காயம், பூண்டைப் பெரிதாக வெட்டி எண்ணெயில் வாட்டி எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். வாசம் இருக்கும், வாயு இருக்காது. குழம்பில் போட்டுப் பொறுக்கி எடுப்பதில் பிரயோசனம் இல்லை. நுவரெலியா லீக்ஸில் வெள்ளைத் தண்டுதான் பிரச்சினை, பச்சை இலை ஒத்துக்கொள்ளும். மைசூர் பருப்பை ஊற வைத்து, அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள்.

இந்த வீட்டுப் பரிசோதனை வயிறு சம்பந்தப்பட்டதற்கு மட்டும். இறாலோ முட்டையோ வேர்க்கடலையோ சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் அது வேறு கதை, ஐஜிஈ என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தால் வரும் ஒவ்வாமை. திரும்பக் கொடுத்துப் பார்க்கவே கூடாது. மேல் டிவிஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குத் தோல் குத்துப் பரிசோதனையும் ஐஜிஈ இரத்தப் பரிசோதனையும் உண்டு. அதிலும் ஏறியிருப்பதால் மட்டும் ஒவ்வாமை ஆகிவிடாது, நடந்ததோடு பொருந்த வேண்டும். மலத்தில் இரத்தம், மெலிவு, இரவில் எழுப்பும் வலி இருந்தால் கொப்பி எழுதிக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

மீன் பற்றி ஒன்று. பலயா, கெலவல்லா கரையிலிருந்து மலைக்கு ஏறுவதற்குள் ஐஸ் உருகினால் அதில் ஹிஸ்டமின் என்ற, அரிப்பைக் கிளப்பும் பொருள் சேரும். சமைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, அரித்து, தலை இடிக்கும். ஒரே சட்டியில் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்தால், மீன் கெட்டுப்போனது என்று அர்த்தம். "எனக்கு மீன் சேராது" என்று ஆயுளுக்கும் விட வேண்டியதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் கடுமையாகத்தான் பேசுவேன். 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வில் தோட்டப் பகுதிச் சிறுவர்களில் 31.7 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், நாடு முழுவதும் 17.3 வீதம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நிறத்தாளை நம்பி முட்டையையும் பாலையும் பருப்பையும் பிள்ளையிடமிருந்து பிடுங்காதீர்கள். ரிப்போர்ட் கையில் இருந்தால், பிள்ளையின் வளர்ச்சி அட்டையோடு கிளினிக்குக் கொண்டு போங்கள். எதையாவது நிறுத்த வேண்டுமா, எத்தனை கிழமைக்கு, அதற்குப் பதிலாக என்ன கொடுப்பது என்று கேட்டு, அந்த அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.