பயந்த வீடுகளும் பயந்த அரசுகளும்

கொரோனா காலத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு மனிதர்களின் சுயநலத்தில்தான் போய் நிற்கிறது. கடைகளில் டாய்லெட் பேப்பருக்கு அடித்துக்கொண்ட வீடியோக்களை யாராவது ஞாபகப்படுத்துவார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். "மனுஷ புத்தியே அவ்வளவுதான்" என்று ஒருவர் முடித்து வைப்பார்.

எனக்கு அந்த வீடியோக்கள் மேல் பெரிய கோபம் வந்ததில்லை. 2020 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். நாளைக்கு எது திறந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அறிவிக்கிற அரசுக்கே தெரியாது. அந்த நிலைமையில் ஒரு குடும்பம் நாலு பொட்டலம் கூடுதலாக வாங்கி அடுக்கியது என்றால் பயந்துபோனார்கள், அவ்வளவுதான். அதிலும் பாதி வெறும் கணக்கு. அதுவரை அலுவலகத்திலும் பள்ளியிலும் கழிந்த பகல் பொழுது மொத்தமாக வீட்டுக்கு வந்துவிட்டதால் வீட்டுத் தேவை நிஜமாகவே கூடியிருந்தது. அலுவலகங்களுக்குப் போகிற பெரிய உருளைகளைச் சட்டென்று வீடுகளுக்குத் திருப்பிவிடவும் முடியாது. அளவு வேறு, வாங்குகிற ஆள் வேறு. சில வாரங்களில் அலமாரிகள் நிரம்பின. ஜனங்களும் அடங்கிவிட்டார்கள்.

அதே மாதம் அரசுகளும் அலமாரியைக் காலி செய்தன. அவை லேசில் அடங்கவில்லை. என் கோபமெல்லாம் அங்கேதான்.

2020 மார்ச் 3 அன்று பிரான்ஸ், நாட்டில் உள்ள முகக்கவசக் கையிருப்பை அரசே எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. மறுநாள் ஜெர்மனி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இரண்டும் இருக்கிற அதே ஐரோப்பிய ஒன்றியத்தில்தான் இத்தாலியும் இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் உதவி கேட்பதற்கென்றே ஒன்றியத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. முறைப்படி அதன் வழியாகத்தான் இத்தாலி கேட்டது. ஒரு உறுப்பு நாடும் உடனே முன்வரவில்லை. மார்ச் 12 அன்று மருத்துவர்களோடும் கருவிகளோடும் ரோமில் இறங்கிய விமானம் சீனாவிலிருந்து வந்தது. அடுத்த வாரம் வட இத்தாலியின் பெர்காமோ நகரில் ராணுவ லாரிகள் சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போனதை உலகமே பார்த்தது. பிறகு ஜெர்மன் மருத்துவமனைகள் இத்தாலிய நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லையன் இத்தாலியிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்தக் காலத்தில் மன்னிப்புக் கேட்ட தலைவர்கள் அதிகம் பேர் இல்லை என்பதால் இது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

இத்தனை சண்டையும் எதற்கு? மூன்று அடுக்கு கொண்ட ஒரு மெல்லிய துணிக்கு. வெளி அடுக்கையும் உள் அடுக்கையும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். விஷயம் நடு அடுக்கில் இருக்கிறது. பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, நுண்ணிய துளைகள் வழியாகத் தள்ளி, சூடான காற்றால் ஊதி, முடியைவிட மெல்லிய இழைகளாக்கிப் பரப்புவார்கள். அதற்கு மின்னூட்டமும் கொடுப்பார்கள். நுண்துகள்களை அந்த மின்னூட்டம்தான் இழுத்துப் பிடிக்கிறது. இந்த இயந்திரத்தை நிறுவ மாதக்கணக்கில் ஆகும். உலகத்தின் முகக்கவசங்களில் ஏறத்தாழ பாதி பெருந்தொற்றுக்கு முன்பே சீனாவில்தான் தயாரானது. மலிவாகக் கிடைத்த காலத்தில் எந்த நாடும் இதைப் பற்றி யோசிக்கவில்லை. திடீரென்று எல்லோருக்கும் ஒரே நாளில் ஞானம் வந்தது.

அப்புறம் அந்த இடைவெளி விதி. உலக சுகாதார நிறுவனம் 1 மீட்டர் என்றது. ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் 1.5 மீட்டர், பிரிட்டனில் 2 மீட்டர், அமெரிக்காவில் 6 அடி. எல்லை தாண்டும்போது வைரஸ் கையில் ஸ்கேலையும் மாற்றிக்கொள்ளும் போலிருக்கிறது என்று நாங்கள் அப்போது கிண்டல் செய்தோம். கிண்டல் செய்துகொண்டே தரையில் போட்ட வட்டத்துக்குள் கால் வெளியே போகாமல் நின்றோம் என்பதும் உண்மை.

வட்டத்தைவிட என்னை உறுத்துவது காற்று விஷயம். 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் தன் ட்விட்டர் பக்கத்தில், கோவிட் காற்றில் பரவும் நோய் அல்ல என்று அடித்துச் சொன்னது. அதற்கு முன்பே மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழு பயிற்சிக்காகக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். கைகுலுக்கலைத் தவிர்த்தார்கள், சானிடைசர் வைத்திருந்தார்கள். இரண்டரை மணி நேரம் கூடிப் பாடினார்கள். 53 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். கையைத் தொடாமல், இருமாமல், வெறுமனே பாடியே இத்தனை பேருக்குப் பரவியது என்றால் வேறென்ன அர்த்தம்? ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றைக் கவனியுங்கள் என்று பகிரங்கமாக எழுதினார்கள். மூச்சுக்காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வழியாகப் பரவுகிறது என்று தெளிவாக எழுதித் தர அந்த நிறுவனத்துக்கு இன்னும் பல மாதங்கள் தேவைப்பட்டன. அதுவரை உலகம் பொட்டலங்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தது. பாலித்தீன் பையைத் துடைத்து, அதைத் துடைத்த துணியைத் துவைத்து, துவைத்த கையைக் கழுவி... ஜன்னல்கள் மட்டும் மூடியே இருந்தன. தெரியாதபோது தெரியாது என்று சொல்லியிருந்தால் யாரும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். உறுதியாகத் தெரிந்த மாதிரி சொன்னதுதான் பிரச்சினை. பின்னாளில் தடுப்பூசி விஷயத்தில் அவர்கள் உண்மையைச் சொன்னபோதும் நம்ப மறுத்தவர்களுக்கு இது நல்ல சாக்காகப் போனது.

நெருங்கிய உறவினர் ஒருவரின் இறுதிச் சடங்கை நான் போனில்தான் பார்த்தேன். அங்கே யாரோ பிடித்திருந்த போன் ஆடிக்கொண்டே இருந்தது. பாதி நேரம் தரையும் செருப்புகளும்தான் தெரிந்தன. நடுவில் படம் உறைந்து நின்றது. மறுபடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இப்படி உலகம் முழுக்க எத்தனை குடும்பங்கள்! விதி என்றார்கள், கேட்டுக்கொண்டோம். 2021 ஏப்ரல் 17 அன்று பிரிட்டன் ராணி எலிசபெத், தன் கணவரின் இறுதிச் சடங்கில் கறுப்பு முகக்கவசத்தோடு தேவாலயத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தைய இரவு, அந்த விதிகளை எழுதிய பிரதமர் அலுவலகக் கட்டடத்தில் ஊழியர்கள் விருந்து வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் வெளியானதும் அரண்மனைக்கு மன்னிப்புச் செய்தி போனது. அரசு வளாகங்களில் அந்தக் காலத்தில் நடந்த கூட்டங்களுக்காகக் காவல்துறை போட்ட அபராதங்கள் மொத்தம் 126. பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கும் ஒன்று. சுயநலம் பற்றிப் பேசுகிறவர்கள் டாய்லெட் பேப்பர் வீடியோவைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பேசலாம்.

அதே பிரிட்டனில் வியாழக்கிழமை தோறும் இரவு 8 மணிக்கு வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்குக் கைதட்டினார்கள். தட்டிய ஜனங்களைக் குறை சொல்ல மாட்டேன், மனதாரத்தான் தட்டினார்கள். ஆனால் மறு வருடம் மார்ச்சில் செவிலியர்களுக்கு அரசு முன்வைத்த சம்பள உயர்வு 1 சதவீதம். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அது 3 ஆனது. கைதட்டலுக்குச் செலவில்லை பாருங்கள்.

கைதட்டல்கூடக் கிடைக்காதவர்கள் கப்பல் ஊழியர்கள். நாம் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆர்டர் போட்ட பொருள்களில் பெரும்பகுதி கடல் வழியாகத்தான் வந்தது. துறைமுகம் சரக்கை இறக்கிக்கொண்டது, மனிதர்களை இறங்க விடவில்லை. ஒப்பந்தம் முடிந்த ஊழியர் கரை இறங்கினால்தானே மாற்று ஆள் ஏற முடியும்? எல்லை மூடல், விமானம் ரத்து, விசா இல்லை. 2020 கடைசியில் இப்படிக் கப்பலிலேயே மாட்டிக்கொண்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு சொன்னது. ஒரு ஊழியரைத் தொடர்ச்சியாக 11 மாதங்களுக்கு மேல் கப்பலில் வைத்திருக்கக் கூடாது என்பது நடைமுறை. அதைத் தாண்டியும் பலர் கடலிலேயே இருந்தார்கள். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கரை. பெட்டி மட்டும் கிரேனில் ஏறிப் போகிறது. வீட்டில் அடைந்து கிடப்பது பற்றி நாம் எவ்வளவு எழுதித் தள்ளினோம்! இவர்களைப் பற்றிச் சொற்பமாகத்தான் எழுதினோம்.

உலக அரசியலின் லட்சணத்துக்கு ஒரு உதாரணம் போதும். 2020 மார்ச் 23 அன்று ஐநா பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ், நோய் அடங்கும்வரை எல்லாப் போர்களையும் நிறுத்துங்கள் என்று வேண்டிக்கொண்டார். இதற்கு ஆதரவாகப் பாதுகாப்பு சபை ஒரு தீர்மானம் போட வேண்டும். போட்டார்கள், ஜூலை 1 அன்று. இடையில் மூன்று மாதத்துக்கும் மேல் என்ன நடந்தது? தீர்மானத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பெயர் வர வேண்டும் என்றது சீனா. வரக்கூடாது என்றது அமெரிக்கா. டிரம்ப் ஏப்ரலிலேயே அந்த நிறுவனத்துக்கான நிதியை நிறுத்தியிருந்தார். கடைசியில் பெயரே இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பர் 27 அன்று ஆர்மீனியாவுக்கும் அஜர்பைஜானுக்கும் நாகோர்னோ கராபாக் என்ற பகுதியில் போர் மூண்டது. யாரும் தீர்மானத்தை எடுத்துக் காட்டியதாகத் தெரியவில்லை.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு மனசு. வைரஸின் மரபணு வரிசையைச் சீன விஞ்ஞானி ஜாங் யோங்ஜென்னின் குழு 2020 ஜனவரி 11 அன்று வெளியிட்டது. அதே வருடம் டிசம்பர் 8 அன்று பிரிட்டனின் கோவென்ட்ரி நகரில், சோதனைக்காக இல்லாமல் தடுப்பூசித் திட்டத்தின்படியே ஃபைசர் ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை. கேட்டலின் கரிகோ மாதிரி, பல்கலைக்கழகம் பதவியிறக்கம் செய்தும், அந்த ஊசிக்கு அடிப்படையான எம்ஆர்என்ஏ ஆராய்ச்சியை விடாமல் பிடித்துக்கொண்டவர்களின் பல வருட உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. அவருக்கும் அவரோடு உழைத்த ட்ரூ வைஸ்மனுக்கும் 2023இல் நோபல் கொடுத்தார்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

ஊசி தயாரான பிறகு நடந்ததுதான் வெட்கக்கேடு. 2021 ஜனவரி 18 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் ஒரு கணக்கைச் சொன்னார். வசதியான 49 நாடுகளில் அதுவரை 3 கோடியே 90 லட்சம் டோஸ் போட்டாகிவிட்டது. மிக ஏழ்மையான நாடுகளில் ஒரே ஒரு நாட்டில் மட்டும், மொத்தம் 25 டோஸ். ஆயிரமோ லட்சமோ பின்னால் விட்டுப்போய்விட்டதோ என்று நினைக்காதீர்கள், வெறும் 25. சில பணக்கார நாடுகள் தங்கள் மக்கள்தொகைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு முன்பதிவு செய்து வைத்திருந்தன. காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்துங்கள், நாங்களே தயாரித்துக்கொள்கிறோம் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரிலேயே உலக வர்த்தக நிறுவனத்தில் கேட்டன. முடிவு வந்தது 2022 ஜூனில், அதுவும் கேட்டதில் பெரும்பகுதியை வெட்டிய பிறகு. நடுவில், ஏழை நாடுகள் பெரிதும் நம்பியிருந்த இந்தியாவே இரண்டாம் அலையில் சிக்கி, ஏற்றுமதியைப் பல மாதங்கள் நிறுத்தி வைத்தது. அந்த நேரத்தில் இந்தியா வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உலகத்துக்கான ஊசியை ஓரிரு இடங்களை நம்பி விட்டது யார் என்பதுதான் என் கேள்வி.

இதன் உச்சம் ஓமிக்ரான். தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் புதிய உருமாற்றத்தைக் கண்டுபிடித்து 2021 நவம்பர் 24 அன்று உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்தார்கள். மறைக்கவில்லை, தள்ளிப்போடவில்லை. இரண்டு மூன்று நாளுக்குள் பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அமெரிக்கா என்று வரிசையாகத் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கதவைச் சாத்தின. வேடிக்கை என்னவென்றால், நவம்பர் 19 அன்று நெதர்லாந்தில் எடுத்த மாதிரியிலேயே ஓமிக்ரான் இருந்தது என்று பிறகு தெரியவந்தது. நெதர்லாந்துக்கு இந்த நாடுகள் அப்படிக் கதவைச் சாத்தவில்லை.

இதையெல்லாம் இப்போது எதற்குக் கிளறுகிறேன் என்றால், 2025 மே 20 அன்று உலக நாடுகள் ஒரு பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டன. அமெரிக்கா அதில் இல்லை. புதிய கிருமியின் மாதிரியை எந்த நாடு கண்டுபிடித்தாலும் உடனே பகிர வேண்டும். பதிலுக்கு, திட்டத்தில் சேரும் மருந்து நிறுவனங்கள் அவசர காலத்தில் தயாரிப்பில் 20 சதவீதம் வரை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும், அதில் ஒரு பகுதி இலவசம் என்பது யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது எப்படி நடக்கும் என்கிற விவரத்தை மட்டும், பிறகு தனி இணைப்பாகப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிட்டுத்தான் மீதியை நிறைவேற்றினார்கள். இன்னொரு கிருமி முதலில் தென்னாப்பிரிக்க ஆய்வகத்தின் கண்ணில் பட்டால், அவர்கள் அன்றைக்கே போனை எடுத்துச் சொல்வார்களா? நானாக இருந்தால் முதலில் அந்த இணைப்பை எடுத்து வா, படித்துப் பார்க்கிறேன் என்பேன்.