பகல் ஹெட்லைட் வீணல்ல

"புது பைக்குகளில் பகலிலும் தானாகவே ஹெட்லைட் எரிவது வீண், பேட்டரி தீர்ந்துவிடும், மெக்கானிக்கிடம் சொல்லி அதை அணைக்க சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் ஓடும்போதுதான் அந்த விளக்கு எரிகிறது. அப்போது மின்சாரமும் இன்ஜினிலிருந்தே வருகிறது, பேட்டரியும் சார்ஜ் ஆகிறது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது, எதிரே வருபவர் நம்மைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். முன்னாலிருந்து பார்த்தால் பைக் சிறியது. அதன் தூரத்தையும் வேகத்தையும் தப்பாகக் கணித்துத்தான் பலர் குறுக்கே திருப்புகிறார்கள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், பகலில் ஹெட்லைட் போட்டு ஓட்டியவர்களுக்குக் காயம்படும் விபத்தின் அபாயம் 27% குறைவாக இருந்தது. பளீர் நிற அல்லது ஒளியைத் திருப்பும் உடை அணிந்தவர்களுக்கு 37% குறைவு. கறுப்பு ஹெல்மெட்டை விட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24% குறைவு.

அதற்காக ஹை பீம் போடாதீர்கள். எதிரே வருபவருக்குக் கண் கூசும். லோ பீமே போதும். இன்னொன்று, பளீர் மஞ்சள் ஜாக்கெட் பகலுக்குத்தான். இரவில் காப்பாற்றுவது அதில் தைத்திருக்கும் ரிஃப்ளெக்டர் பட்டை. பையை மாட்டி அதை மறைத்துவிடாதீர்கள்.