வில்லியம்ஸ் வழக்கும் ஒரிகன் கோர்ட்டின் பிடிவாதமும்

ரெண்டு நாளாக இந்த ஒரு வழக்கின் தீர்ப்புகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன், மனசு ஆறவில்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டில் துப்புரவு வேலை பார்த்தவர் வில்லியம்ஸ். ராணுவத்தில் கொரியாவில் இருந்தபோது தொற்றிக்கொண்ட சிகரெட், பின்னாளில் ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் மார்ல்போரோ வரை போனது. வீட்டில் விடச் சொன்னால், கெடுதல் என்றால் கம்பெனிக்காரன் விற்பானா என்பார். புகையிலையால் புற்றுநோய் வராதாம், டிவியில் சொன்னார்கள் என்று மனைவியிடம் வந்து சொல்லியிருக்கிறார். நம்பினார், பாவம். 1997-ல் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார்.

மனைவி, மார்ல்போரோ தயாரிக்கும் பிலிப் மோரிஸ் கம்பெனி மீது வழக்குப் போட்டார். 1999-ல் ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, இது திட்டமிட்ட ஏமாற்று என்று சொல்லி, நஷ்ட ஈடாக 8 லட்சத்து 21 ஆயிரம் டாலரும், அதற்கு மேல் தண்டனை இழப்பீடாக 7 கோடியே 95 லட்சம் டாலரும் கட்டச் சொன்னது. தண்டனை இழப்பீடு என்பது போனதை ஈடுகட்டுவதற்கு இல்லை, செய்தவன் மறுபடி செய்யக்கூடாது, பார்ப்பவனுக்கும் பயம் வரவேண்டும் என்பதற்கு. விசாரணை நீதிபதி அதை 3 கோடியே 20 லட்சமாகக் குறைத்தார், மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் முழுத் தொகையையும் திரும்ப வைத்தது.

அங்கே ஆரம்பித்தது இழுபறி. 2003-ல் ஸ்டேட் ஃபார்ம் என்ற இன்சூரன்ஸ் கம்பெனியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தண்டனைத் தொகை நஷ்ட ஈட்டைப் போல பத்து மடங்குக்குள் இருப்பதுதான் பெரும்பாலும் முறை என்றது. இங்கேயோ கிட்டத்தட்ட 97 மடங்கு. திரும்பப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். ஒரிகன் பார்த்தது, அசையவில்லை. 2007-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 5-4 என்ற கணக்கில், மறுபடி ரத்து செய்தது. இந்த முறை காரணம் வேறு: வழக்கில் இல்லாத மற்ற புகைப்பவர்களுக்கு நேர்ந்ததற்காக ஜூரி தண்டிக்கக் கூடாது, ஆனால் செயல் எவ்வளவு மோசமானது என்று எடைபோடும்போது அதை நினைத்துப் பார்க்கலாம்!

இதை ஒரு ஜூரி எப்படிப் பிரித்துப் பார்க்கும்? நாற்பது வருடத்தில் இந்த மாநிலத்தில் இவரைப் போல எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசியுங்கள் என மனைவியின் வக்கீல் கேட்டார். அதைக் காதில் வாங்கி, மனசில் வைத்து, தொகையில் மட்டும் சேர்க்காமல் விட யாரால் முடியும்? இந்த நுணுக்கம் எனக்குப் பிடிபடவில்லை என்று நீதிபதி ஸ்டீவன்ஸே மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார்.

வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1996-ல் வந்த பிஎம்டபிள்யூ வழக்கில், மறுபடி பெயிண்ட் அடித்ததைச் சொல்லாமல் கார் விற்றதற்கு, 4,000 டாலர் நஷ்டத்துக்கு அலபாமா ஜூரி 40 லட்சம் டாலர் தண்டனை போட்டது. அது அதிகம்தான். ஆனால் பெயிண்டும் உயிரும் ஒன்றா? எத்தனை மடங்கு என்ற ஒரே முழக்கோலால் ரெண்டையும் எப்படி அளப்பது?

2008-ல் ஒரிகன் உச்ச நீதிமன்றம் வேறொரு வழி பிடித்தது. மற்றவர்களுக்கு நேர்ந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று ஜூரிக்குப் படித்துக் காட்டச் சொல்லி கம்பெனி எழுதிக்கொடுத்த அறிவுரையின் வாசகம், வேறு இடங்களில் மாநிலச் சட்டத்துக்குப் பொருந்தவில்லை, அதனால் விசாரணை நீதிபதி அதை மறுத்தது சரியே என்று தொகையை நிலைநிறுத்தியது. இது வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை ஏய்க்கும் தந்திரம் என்றார்கள் பலர். நான் அப்படிப் பார்க்கவில்லை. தன் மாநிலச் சட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் கடைசி வார்த்தை மாநில நீதிமன்றத்துடையது. அதை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். 2009 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், வாதங்களைக் கேட்டு முடித்த பிறகு, விசாரிக்கவே எடுத்திருக்க வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது.

அப்புறமும் கம்பெனி விடவில்லை. ஒரிகன் சட்டப்படி தண்டனைத் தொகையில் 60 சதவீதம், குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்காக, மாநிலத்துக்குப் போகவேண்டும். 1998-ல் மாநிலங்களோடு போட்ட புகையிலை ஒப்பந்தத்திலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று வாதாடினார்கள். அதையும் ஒரிகன் உச்ச நீதிமன்றம் 2011-ல் தள்ளியது. வில்லியம்ஸ் இறந்து 14 வருடம் ஆகியிருந்தது.