ஒரு நைட்டுதானே சார்

போன வாரம் கிருஷ்ணகிரியில் அத்தை பையனுக்குக் கல்யாணம். ஊருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். ஆபீஸை முடித்துக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கியபோது ராத்திரி பத்தரை. ரிசப்ஷனும் முடிந்திருந்தது, மண்டபத்து ரூம்களும் தீர்ந்திருந்தன. செல்போன் ஆப்பில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு லாட்ஜ் போட்டேன். படத்தில் வெள்ளை விரிப்பு, அதன்மேல் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள்.

அந்த அன்னம் எந்த ஏரிக்குப் பறந்ததோ தெரியவில்லை. நேரில் இருந்தது பழுப்பேறிய விரிப்பு, எண்ணெய்க் கறை படிந்த தலையணை, பினாயிலையும் மீறிய ஈர நாற்றம். பாத்ரூம் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கீசர் சுவரில் இருந்தது, அவ்வளவுதான். தாழ்ப்பாள் விழவில்லை என்பதால் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தோம்.

கீழே போய்ச் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் மொபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒரு நைட்டுதானே சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

ஒரு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். லைட்டைப் போட்டால் மெத்தை ஓரத் தையலில் மூட்டைப்பூச்சி. சின்ன வயதில் கயிற்றுக் கட்டிலை வெயிலில் போட்டு வெந்நீர் ஊற்றியதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். ரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் ஜென்மம் அது. ரூமை நாலு நாள் பூட்டி வைத்தால் போய்விடாது. மெத்தையைத் தூக்கி, கட்டில் இடுக்கெல்லாம் பார்த்து மருந்தடிக்க வேண்டும். அந்த லாட்ஜ் முழுக்கக் கூட்டித் துடைக்க இருந்தது ஒரே ஒரு பெரியவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

விலை குறைவு, அதனால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லாதீர்கள். முன்பு ஒகேனக்கல் போகும்போது தருமபுரியில் இதைவிட மலிவான லாட்ஜில் தங்கியிருக்கிறேன். விரிப்பு கிழிந்துதான் இருந்தது, ஆனால் துவைத்து வெயிலில் காய்ந்த வாசம் வந்தது. துவைக்க என்ன பெரிய செலவு?

விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்து யோசித்ததில் எனக்குப் பட்டது இதுதான். பெங்களூரு, சென்னை, சேலம் ரோடுகள் கூடுகிற ஊர் இது. இந்த மாதிரி லாட்ஜுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், மீதிப் பேர் என்னைப் போலக் கல்யாணத்துக்கு வந்தவர்கள். யாரும் திரும்பி வரப்போவதில்லை. லாட்ஜ்காரருக்கும் அது தெரியும். அதே ஹைவேயில் இருக்கும் பரோட்டாக் கடையைப் பாருங்கள். சால்னா ஒரு வாரம் கெட்டால், அடுத்த வாரம் லாரிகள் எல்லாம் பக்கத்துக் கடையில் நிற்கும். அந்தப் பயம்தான் அங்கே ருசியாக வருகிறது. லாட்ஜ்காரருக்கு யாரிடம் பயம்? ஆப்பில் நாலு நட்சத்திரம் வேறு.

காலையில் பில் கேட்டேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, "டாக்ஸ் சேர்த்து" ஆயிரத்து எட்டு ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். ஆயிரத்துக்கும் கீழே உள்ள ரூமுக்கு 2022 ஜூலை வரை ஜிஎஸ்டியே கிடையாது. பிறகு 12 சதவீதம் போட்டார்கள், 2025 செப்டம்பரில் அது 5 ஆக இறங்கிவிட்டது. இவர் இன்னும் 12-லேயே நிற்கிறார். தாளில் ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, லாட்ஜ் பெயரும் இல்லை. கேட்டதும் சத்தமில்லாமல் நூறு ரூபாயைத் திருப்பி நீட்டினார். மீதி எட்டு ரூபாய்க்கு முகூர்த்தத்தைத் தவறவிட முடியாதே, வந்துவிட்டோம்.

பந்தியில் அம்மா ஒரு கையால் சாப்பிட்டு, இன்னொரு கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துச் சொறிந்துகொண்டிருந்தார். அத்தை என்னவென்று கேட்டதற்குக் கொசு என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பையை இன்னும் வீட்டுக்குள் எடுக்கவில்லை. மொட்டைமாடியில் வெயிலில்தான் கிடக்கிறது.