ஐபோனா, ஆண்ட்ராய்டா? வெளியே வரும் வழியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்

போன் வாங்கப் போகிறவர்கள் கேட்பதெல்லாம் எத்தனை மெகாபிக்சல், எந்த சிப், எவ்வளவு ரேம். மட்டமான போன் எதையாவது எடுத்தால் தவிர, பகல் வெளிச்சத்தில் படம் எல்லாவற்றிலும் நன்றாகத்தான் வருகிறது. வழி பார்க்க, பேச, செய்தி படிக்க இன்றைய சிப் எதுவும் போதும். தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் உரையாடல்களும் படங்களும் எங்கே போய்ச் சேருகின்றன? நாளைக்கு மனம் மாறினால் அவற்றை வெளியே எடுக்க முடியுமா?

வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் அதன் பேக்கப் கூகுள் கணக்குக்குப் போகிறது, ஐபோனில் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடுக்கு. இதில் எடுத்த பேக்கப் அதில் திறக்காது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாற 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற ஆப் இருக்கிறது. 2022 முதல் அதன் வழியாக வாட்ஸ்அப்பையும் கொண்டுபோகலாம். பலரும் சறுக்குவது வரிசையில்தான். ஆசையாகப் புது ஐபோனைத் திறந்து, எல்லாம் செட் செய்து, வாட்ஸ்அப்பிலும் நுழைந்துவிட்டு, 'பழைய சாட் எங்கே?' என்று தேடுகிறார்கள். இந்த மாற்றம் ஐபோனை முதன்முதலில் அமைக்கும்போதே நடக்க வேண்டியது. தவறவிட்டால் ஐபோனை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சரியான வரிசை இது: இரண்டு போனையும் சார்ஜில் போட்டு, ஒரே வைஃபையில் இணையுங்கள். ஐபோன் காட்டும் குறியீட்டை ஆண்ட்ராய்டில் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப்பில் தட்டுங்கள். எதை எதை மாற்றுவது என்று கேட்கும் பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுத்து, அது தயாராகும்வரை திரையை விட்டு நகராதீர்கள். பிறகு ஐபோனில் வாட்ஸ்அப்பை இறக்கி, அதே தொலைபேசி எண்ணில் நுழையுங்கள். அழைப்புப் பட்டியல் வராது. சாட் முழுவதும் வந்துவிட்டதா என்று பார்க்கும்வரை பழைய போனை ரீசெட் செய்யாதீர்கள். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும் இதே கதைதான், கூடவே இரண்டையும் இணைக்கப் பெரும்பாலும் ஒரு கேபிள் வேண்டும்.

கிளவுடு இடத்தையும் கணக்கில் வையுங்கள். ஆப்பிள் இலவசமாகத் தருவது 5 ஜிபி, கூகுள் 15 ஜிபி. கூகுளில் மெயில், டிரைவ், படங்கள் எல்லாம் அந்த 15-க்குள்தான் அடங்க வேண்டும். முன்பு தனியாக விட்டிருந்த வாட்ஸ்அப் பேக்கப்பையும் 2024 முதல் அதிலேயே சேர்த்துவிட்டார்கள். 'ஐகிளவுடில் இருக்கிறதே' என்ற தைரியத்தில் போனில் படங்களை அழிப்பவர்களுக்கு ஒன்று: ஐகிளவுடு போட்டோஸ் பேக்கப் அல்ல. போனில் அழித்தால் அங்கேயும் அழியும். 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அவ்வளவுதான்.

அடுத்து, ஆண்ட்ராய்டு என்று பொதுவாகச் சொல்வதே தவறு. ஒவ்வொரு தயாரிப்பாளரும் பேட்டரி மிச்சம் பிடிக்கத் தன் பங்குக்கு ஏதாவது செய்து வைத்திருக்கிறார். சில போன்களில் ஆப்பை மேலே தள்ளி மூடினாலே அது 'ஃபோர்ஸ் ஸ்டாப்', அதாவது முழுக்க நிறுத்தப்பட்டது, ஆகிவிடும். அந்த நிலையில் உள்ள ஆப்புக்கு, நாமே மறுபடி திறக்கும்வரை கூகுள் வழியாக எந்த அறிவிப்பும் வந்து சேராது. மாத்திரை நினைவூட்டல் அடிக்காமல் போவதும், திறந்த பிறகே பத்துச் செய்தி மொத்தமாக வந்து விழுவதும் இதனால்தான். ஆப்பின் பெயரை அழுத்திப் பிடித்து, ஆப் இன்ஃபோ, பேட்டரி என்று போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். ஷாவ்மியில் 'ஆட்டோஸ்டார்ட்' தனியாக இருக்கும், அதையும் இயக்குங்கள். சாம்சங்கில் ஒருபோதும் தூங்கக் கூடாத ஆப்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. இன்னொரு பொறியும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதங்கள் தொடாத ஆப்பின் அனுமதிகளைப் போனே பறித்துவிடும். அவசரத்துக்கு மட்டும் திறக்கும் ஆப்களுக்கு, அதே ஆப் இன்ஃபோ பக்கத்தில் இப்படி அனுமதி பறிக்கும் பொத்தானை அணைத்து வையுங்கள்.

ஐபோனில் அறிவிப்பு விஷயத்தில் இந்த அல்லாட்டம் இல்லை. ஆனால் பின்னணி வேலைக்கு அங்கே கடிவாளம் இறுக்கம். பெரிய வீடியோவை அனுப்பத் தொடங்கி, திரையை அணைத்துவிட்டால் பல ஆப்களில் பாதியில் நிற்கும். விண்டோஸ் கணினியில் செருகினால் படங்களும் வீடியோக்களும் மட்டுமே தெரியும். நகலெடுக்கும்போது 'சாதனம் இயங்கவில்லை' என்று பிழை வந்தால் கேபிளைத் திட்ட வேண்டாம்; கணினிக்கு ஏற்ப படத்தை மாற்றி அனுப்ப முயன்று போன் தடுமாறுகிறது. செட்டிங்ஸில் போட்டோஸ் பக்கத்தின் கீழே 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆண்ட்ராய்டில் கோப்புறை கோப்புறையாக எடுக்கலாம், செருகியதும் மேலிருந்து இழுத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தட்டினால் போதும். கோப்புகளோடு மல்லுக்கட்டும் வேலை உள்ளவர் ஐபோனுக்குப் போய் அவதிப்பட வேண்டாம் என்பது என் கட்சி. தமிழில் தட்டுவதைப் பொறுத்தவரை இரண்டும் சமம். ஐபோனில் தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளுமே கூடவே வருகின்றன.

அப்டேட் விஷயத்தில் பழைய வாதங்கள் இனி செல்லாது. 2023-இல் வந்த கூகுளின் பிக்சல் 8-க்கும், 2024-இல் வந்த சாம்சங்கின் கேலக்சி எஸ்24-க்கும் 7 ஆண்டு அப்டேட் உறுதி தந்திருக்கிறார்கள். 2018-இன் ஐபோன் எக்ஸ்ஆர், ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 18-ஆம் பதிப்பு வரை வந்து, 2025-இல்தான் கழற்றிவிடப்பட்டது. ஆனால் விலை குறைந்த ஆண்ட்ராய்டு பலவற்றில் இந்தக் கணக்கு பாதிகூட வராது. ஆண்டுகளை எண்ணுவது போன் வெளியான நாளிலிருந்து, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு வருடப் பழைய மாடலில் அந்த இரண்டு வருடம் ஏற்கெனவே போயிற்று.

செட்டிங்ஸ் பக்கமே போகாத பெரியவர்களுக்கு வாங்குவதானால் ஒரே அளவுகோல்: பக்கத்தில் இருந்து உதவப் போகிறவர் கையில் எது இருக்கிறதோ, அதுவே. 'அந்த நீலப் பொத்தானைத் தட்டு' என்று தொலைபேசியில் சொல்ல, சொல்கிறவர் திரையிலும் அந்தப் பொத்தான் இருக்க வேண்டும்.

ஐபோனை விட்டு வெளியே வருகிறவர்கள், சிம்மைக் கழற்றும் முன் ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜையும் அழைப்புச் சேவையான ஃபேஸ்டைமையும் அணைத்துவிடுங்கள். மறந்தால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகள் உங்கள் புதுப் போனுக்கு வராமல் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கும், அனுப்பியவருக்கும் தெரியாது. பழைய போன் கையை விட்டுப் போயிருந்தால், ஆப்பிள் தளத்தில் உள்ள ஐமெசேஜ் பதிவு நீக்கும் பக்கத்தில் எண்ணைக் கொடுத்து, வரும் குறியீட்டைத் தட்டினால் விடுபடலாம்.