டிவில அரை நிமிஷம் வந்த விட்ஜன்

'ஃபேன்டஸி ஐலண்ட்'னு ஒரு அமெரிக்க டிவி தொடர். 1977ல டிவி படமா ஆரம்பிச்சு 1984 வரைக்கும் ஏபிசி சேனல்ல ஓடுச்சு. பாத்தவங்களுக்கு கதையெல்லாம் மறந்து போயிருக்கும், ஆனா ஆரம்பம் மறக்காது. டாட்டூவா நடிச்ச எர்வே வில்லஷேஸ் மணிக்கூண்டுல ஏறி மணியடிச்சு ப்ளேன் வருது ப்ளேன் வருதுன்னு சந்தோஷமா கத்துவாரு, ஹவாய்ல கவாய் தீவுல இருக்கற வைலுவா அருவி வரும், ரெண்டு எஞ்சின் வச்ச ஒரு குட்டி விமானம் பறந்து வந்து தண்ணில இறங்கும். வாராவாரம் இதேதான்.

அந்த விமானம் க்ரம்மன் விட்ஜன். அதைப் பத்தி எங்க பேச்செடுத்தாலும் "ஓ, அந்த ஃபேன்டஸி ஐலண்ட் ப்ளேனா"ன்னு சொல்லிட்டு அதோட விட்டுடறாங்க, எனக்கு அதுதான் ஆத்தாமையா இருக்கு. அந்த அரை நிமிஷத்துக்குப் பின்னாடி எவ்ளோ பெரிய கதை இருக்கு தெரியுமா?

நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட்ல இருந்த க்ரம்மன் கம்பெனி ஏற்கனவே கூஸ்னு ஒரு பெரிய தண்ணி விமானம் பண்ணிட்டு இருந்தாங்க, அதை விட சின்னதா, தனி ஆளுங்க வாங்கற மாதிரி ஒண்ணு பண்ணலாம்னு செஞ்சதுதான் விட்ஜன். 1940ல முதல் தடவை பறந்துச்சு. 200 குதிரைத்திறன் ரேஞ்சர் எஞ்சின் ரெண்டு, பைலட்டோட சேத்து அஞ்சாறு பேர் உக்காரலாம், அடிப்பக்கம் படகு மாதிரியே இருக்கும், சக்கரமும் உண்டு, அதனால ரன்வேலயும் இறங்கும் தண்ணிலயும் இறங்கும். இதுல ஒரு ஆபத்து இருக்கு. ரன்வேல இறங்கும்போது சக்கரம் கீழ இருக்கணும், தண்ணில இறங்கும்போது கண்டிப்பா மேல மடங்கியிருக்கணும். மறந்து சக்கரத்தோட தண்ணில இறங்கினா மூக்கு குத்தி குப்புற கவுந்துடும். இது போதாதுன்னு, தண்ணில வேகமா ஓடும்போது வேகமும் மூக்கோட கோணமும் கொஞ்சம் மாறினா போதும், மூக்கு மேலயும் கீழயும் தூக்கித் தூக்கி ஆட ஆரம்பிச்சிடும், ஓட்டினவங்க பூரா இதைச் சொல்லியிருக்காங்க. டிவில அவ்ளோ சாதுவா வந்து இறங்குதே, ஒவ்வொரு தடவையும் அதுக்குள்ள ஒரு கெட்டிக்கார பைலட் உக்காந்திருந்தாருன்னு அர்த்தம்.

தனி ஆளுங்களுக்குன்னு செஞ்ச விமானம், ஆனா சீக்கிரமே அமெரிக்கா ரெண்டாம் உலகப்போர்ல இறங்கவும் பட்டாளத்துல சேத்துட்டாங்க. க்ரம்மன் கட்டின 276 விட்ஜன்ல பாதிக்கு மேல ராணுவத்துக்குத்தான் போச்சு. 1942 ஆகஸ்ட் 1, மெக்சிகோ வளைகுடா, அமெரிக்க கோஸ்ட் கார்டோட (கடலோரக் காவல் படை) விட்ஜன் ஒண்ணை ஹென்றி வைட் ஓட்டிட்டுப் போறாரு, கீழ ஜெர்மன் நீர்மூழ்கி ஒண்ணு தெரியுது, கையில இருந்த ஒரே ஒரு குண்டைப் போடறாரு. யூ-166ங்கற நீர்மூழ்கி அதுல மூழ்கிடுச்சுன்னு கணக்கு எழுதி, பதக்கம் குடுத்து, கிட்டத்தட்ட அறுபது வருஷம் எல்லா புத்தகத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு.

2001ல எண்ணெய்க் குழாய் போடறதுக்காக கடலடியில சர்வே எடுக்கறாங்க. யூ-166 அங்க கிடக்கு, அது தானே டார்ப்பிடோ போட்டு மூழ்கடிச்ச ராபர்ட் இ. லீ கப்பலுக்கு ரொம்பப் பக்கத்துல. வைட் குண்டு போட்ட இடம் அங்கிருந்து ரொம்ப தூரம். அதாவது ஜூலை 30 அன்னிக்கே, அந்தக் கப்பலுக்குக் காவலாப் போன பிசி-566ங்கற ரோந்துக் கப்பல்தான் அதை முடிச்சிருக்கு. வைட் அடிச்சது யூ-171ங்கற வேற நீர்மூழ்கியை, அது தப்பிச்சுப் போயிடுச்சு. இதுல மனசை உறுத்தறது என்னன்னா, பிசி-566 கேப்டன் ஹெர்பர்ட் க்ளாடியஸ் நாங்கதான் அடிச்சோம்னு அன்னிக்கே சொல்லியிருக்காரு, கடற்படை அதை நம்பல, தாக்குதலை சரியா நடத்தலன்னு குறை சொல்லி பயிற்சிக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. 2014ல தான் தப்பை ஒத்துக்கிட்டு பதக்கம் குடுத்தாங்க, அதை வாங்க அவர் உயிரோட இல்ல, மகன் வந்து வாங்கினாரு.

இதைச் சொன்னா விட்ஜனோட மானத்தை வாங்கற மாதிரின்னு சில பழைய விமான ரசிகர்கள் கோச்சுக்கறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அவ்ளோ சின்ன விமானத்துல ஒத்தை குண்டோட போய் நீர்மூழ்கி மேல பாய்ஞ்ச தைரியம் அப்படியேதான் இருக்கு, அதை யாரும் எடுக்க முடியாது. ஆனா க்ளாடியஸ் கப்பல்ல இருந்தவங்களுக்குச் சேர வேண்டிய பேரு அவங்களுக்குத்தான் சேரணும், விட்ஜன் பத்தி எழுதற ஒவ்வொருத்தரும் இதையும் சேத்து எழுதணும்.

என்னைக் கேட்டா விட்ஜனோட நிஜப் பெருமை போர்லயும் இல்ல டிவிலயும் இல்ல, நியூசிலாந்துல இருக்கு. 1950கள்ல ஆக்லாந்துல ஃப்ரெட் லாட்னு ஒரு பைலட் விட்ஜன் வச்சு டூரிஸ்ட் ஏர் ட்ராவல்னு சர்வீஸ் ஆரம்பிச்சாரு. வைஹேகி, க்ரேட் பேரியர் மாதிரி தீவுகள்ல இருந்தவங்களுக்கு படகுல போனா எவ்ளோ நேரம் ஆகும், அவசரம்னா என்ன செய்வாங்க? இவர் ப்ளேன்தான். டூரிஸ்டும் அதுலதான், உடம்பு முடியாதவங்களும் அதுலதான், ராத்திரி பகல்னு பாக்காம போயிருக்காரு. 1967ல வேலையை விட்டுப் போற அன்னிக்கு ஆக்லாந்து துறைமுகப் பாலத்துக்கு அடியில விட்ஜனை ஓட்டிட்டுப் போனாரு, சட்டப்படி தப்புதான், கேஸும் போட்டாங்க, ஆனா ஊரே அவர் பக்கம்தான் நின்னுச்சு. ஃபேன்டஸி ஐலண்ட்ல வர்ற தீவு கற்பனை, இங்க நிஜத் தீவு, நிஜ ஜனங்க, விட்ஜன் சத்தம் கேட்டா டாக்டர்கிட்ட போயிடலாம்னு நம்பி கரையில வந்து நின்னவங்க. தொடர் எடுக்கணும்னா இதைல்ல எடுத்திருக்கணும்!