அந்த ஒரு கேள்விக்கு மனப்பாடம் உதவாது

அக்கா மகள் அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஞாயிறு மாலைகளில் நான் பாளையங்கோட்டையில் இருந்து வீடியோ காலில் கேள்வி கேட்பேன், அங்கே காலை நேரம், அவள் பதில் சொல்லிப் பழகுவாள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் நன்றாகத்தான் பேசினாள். "ஏன் எங்கள் கல்லூரிக்கு வர விரும்புகிறாய்?" என்று கேட்டால் மட்டும் குரலே மாறிவிடும். உலகத்தரம், சிறந்த பேராசிரியர்கள், அருமையான ஆராய்ச்சி வசதி. பெயரை மட்டும் மாற்றினால் அங்குள்ள எந்தக் கல்லூரிக்கும் அந்தப் பதில் பொருந்தும்.

நம்மூரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நீட் மதிப்பெண், ரேங்க், கவுன்சிலிங். ஐகிரவுண்டில், அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியில் கிடைத்தால் ஐகிரவுண்ட், தூத்துக்குடியில் கிடைத்தால் தூத்துக்குடி. நீட் வருவதற்கு முன் வேலூர் சிஎம்சியில் நேர்முகத் தேர்வு இருந்தது. படித்து முடித்ததும் இரண்டு வருடம் மிஷன் மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் பிள்ளைகள் அவர்கள். அதை விரும்பி வந்தவரா, கல்லூரியின் பெயருக்காக வந்தவரா என்று பார்க்கத்தானே செய்வார்கள்?

அமெரிக்காவிலும் மார்க் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. எம்கேட் என்று 528க்கு ஒரு தேர்வு உண்டு. ஆனால் நேர்முகத்துக்கு அழைப்பு வந்துவிட்டது என்றால், மார்க்கை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரே விண்ணப்பத்தைப் பதினைந்து இருபது கல்லூரிகளுக்கு அனுப்பும் பிள்ளைகள் அங்கே ஏராளம். இடம் கொடுத்தால் இவள் வருவாளா, வந்தால் இங்கே ஒட்டுவாளா என்ற கவலை கல்லூரிக்கும் இருக்காதா?

"எல்லாக் கல்லூரியையும் புகழ்ந்து வைக்கச் சொல்லு, காசா பணமா" என்றார் ஒரு நண்பர். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. புகழ்ச்சி வேறு, ஈடுபாடு வேறு. ட்யூக் பல்கலைக்கழகத்தில் அடிப்படைப் பாடங்களை முதல் வருடத்திலேயே முடித்துவிட்டு மூன்றாம் வருடத்தை ஆராய்ச்சிக்கு விடுகிறார்கள். ஆராய்ச்சியில் ஆசை உள்ள பிள்ளை அதைப் பற்றிப் பேசினால் அந்தப் பேச்சுக்கு உயிர் இருக்கும். ஆசை இல்லாத பிள்ளை அதையே ஒப்பித்தால், அடுத்த கேள்வியிலேயே நின்றுவிடும்.

எல்லா நேர்முகத்திலும் இது எடுபடாது என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எம்எம்ஐ என்ற முறையில், ஒரே நீண்ட பேச்சுக்குப் பதில் பல குட்டி நேர்முகங்கள். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம்தான். ஒரு சிக்கலைக் கொடுத்து, நீ என்ன செய்வாய் என்று கேட்பார்கள். கல்லூரி மீதுள்ள பிரியத்தைச் சொல்ல அங்கே பெரிதாக இடம் இருக்காது. உட்கார வைத்து நிதானமாகப் பேசும் நேர்முகத்தில்தான் அது தெரியும்.

அவளுக்கு அழைப்பு வந்த கல்லூரிகளில் ஒன்று, மாணவர்களை ஆரம்பத்திலேயே நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பும் கல்லூரி. அதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள். நான் நிறுத்தினேன். "ஏட்டி, ஆச்சி செருப்பு ஞாபகம் இருக்கா?"

இரண்டு வருடம் முன்பு இவள் விடுமுறைக்கு வந்திருந்தபோது என் அம்மாவுக்குச் சர்க்கரையால் காலில் புண். மருந்து போட்டும் ஆறவில்லை. டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, "செருப்பைக் காட்டுங்கம்மா" என்றார். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. பெருவிரலால் அடிப்பக்கத்தை அழுத்தி, குழி விழுந்த இடத்தை இவளிடம் காட்டினார். புண் இருந்ததும் அதே இடத்தில்தான். சர்க்கரை நோயாளிகள் போடும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுப் பழகிய பிறகுதான் புண் ஆறியது. அன்று வீட்டுக்கு வந்து வாசலில் கிடந்த எல்லார் செருப்பையும் இவள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அது கல்லூரிக்கான பதிலா?" என்றாள். அதுதான் பதில் என்றேன். வீட்டு வாசலில் என்ன கிடக்கிறது என்று பார்க்கும் வைத்தியத்தை உனக்குக் கற்றுக்கொடுக்கப்போகும் இடம் அது.

செவ்வாய்க்கிழமை நேர்முகம் முடிந்தது. செருப்பைச் சொன்னாளாம். அப்புறம் இவளே அவர்களிடம், ஒரு மாணவர் ஒரே வீட்டுக்கு எத்தனை வருடம் போவார் என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு பாதி நேரம் அந்த வீடுகளைப் பற்றியே பேச்சு போயிருக்கிறது. முடிவு வர இன்னும் நாளாகும்.

அம்மாவிடம் சொன்னேன். "என் செருப்பப் பத்தியா பேசினா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.